தவறான விடை சொல்லும் சேதி

தஞ்சை, திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகம் என்ற பெயரில் ஓர் அறை இயங்கி வருவதை டெல்டாவின் பெற்றோர் பலரும் அறிவர். தமிழகமெங்கும் 3,090 உயர்நிலைப் பள்ளிகளையும் 2,939 மேல்நிலைப் பள்ளிகளையும் சேர்த்து 6,029 பள்ளிகளுக்கு எனத் திட்டமிடப்பட்ட இந்த ஆய்வகங்களில், உயர்நிலைப் பள்ளிக்குப் பத்து, மேல்நிலைப் பள்ளிக்கு இருபது என்ற கணக்கில் கணினிகள் வைக்கப்பட்டன. பாடப் படங்கள் காட்டுவதோடு, பிள்ளைகளுக்குப் பல தெரிவு வினாக்களைத் திரையில் கொடுத்து விடை வாங்கும் இடமாகவும் அவை பயன்பட்டு வருகின்றன. வினாவைக் கணினியே காட்டி, விடையைக் கணினியே பெற்று, அதுவே திருத்தி மதிப்பெண்ணும் இடும் இந்த முறைக்குக் கணினிவழி மதிப்பீடு என்று பெயர். விடையளித்த பிள்ளைக்கு, தன் விடை எங்கே சரி, எங்கே பிசகு, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று திரும்பி வரும் செய்தியைக் கல்வியியலார் பின்னூட்டம் என்பர். முன்னது டெல்டாப் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்துவிட்டது. பின்னது இன்னும் சரிவர வந்து சேரவில்லை.

இதற்கு எளிய கணக்கு ஒன்றே போதுமான சான்று. நாற்பது பிள்ளைகள் உள்ள எட்டாம் வகுப்பு, பத்துக் கணினிகள் உள்ள ஆய்வகத்துக்குப் போனால் நான்கு அணிகளாகத்தான் அமர முடியும். ஒரு பாடவேளை நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம் என்றால் ஓர் அணிக்குக் கிடைப்பது பத்து நிமிடத்துக்குச் சற்று மேல். அதில் உள்நுழைவதற்கும் இணையம் விழிப்பதற்கும் போனது போக எஞ்சிய நேரத்தில் விடையைத் தட்டிவிட்டு எழுந்தால், தவறிய விடைகளைப் பற்றிப் பேச மணி இடம் கொடுப்பதில்லை. மதிப்பெண் மட்டும் அந்த நொடியே சென்னைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

மதிப்பெண்ணையே பின்னூட்டமாகக் கருதுவதில்தான் சிக்கலின் வேர் இருக்கிறது. தேர்வை இரண்டாகப் பிரித்து நோக்க வேண்டும் என்பதை மதிப்பீட்டியல் அறிஞர் மைக்கேல் ஸ்கிரிவன் 1967இல் எடுத்துரைத்தார்: கற்றல் நடந்துகொண்டிருக்கும்போதே அதைத் திருத்திச் செப்பனிடுவதற்கான மதிப்பீடு ஒன்று, கற்றல் முடிந்தபின் அதன் அளவைத் தீர்ப்பாக அறிவிக்கும் மதிப்பீடு மற்றொன்று. தமிழ்நாட்டில் 2012–13 கல்வியாண்டில் முப்பருவ முறையோடு தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு நடைமுறைக்கு வந்தபோது முன்னதற்கு வளரறி மதிப்பீடு என்றும் பின்னதற்குத் தொகுத்தறி மதிப்பீடு என்றும் பெயர் வைத்து, முன்னதற்கு 40, பின்னதற்கு 60 என மதிப்பெண் ஒதுக்கினார்கள். நல்ல பெயர்கள், நல்ல நோக்கம். ஆனால் வளர்ச்சியை அறிவதற்கென்று வகுத்த மதிப்பீட்டுக்கும் நாற்பது என்று எண்ணைக் கட்டிவிட்டதால், அந்த நாற்பதை நிரப்பும் பதிவேட்டு வேலையே முதன்மையாகி, பிள்ளையிடம் சொல்ல வேண்டியது பின்னுக்குப் போயிற்று. 1988இல் உளவியலாளர் ரூத் பட்லர் இஸ்ரேலியப் பள்ளிப் பிள்ளைகளிடையே நடத்திய ஆய்வு இங்கு நினைக்கத் தக்கது. ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு குழுவுக்கு எழுத்துக் குறிப்பு மட்டும், மூன்றாம் குழுவுக்கு இரண்டும் சேர்த்துக் கொடுத்ததில், குறிப்பு மட்டும் பெற்றவர்களே அடுத்த பணியில் மேம்பட்டனர். இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்கள் மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றுவிட்டனர். எண்ணைக் கண்டதும் பிள்ளையின் கண் குறிப்பைத் தாண்டிப் போய்விடுகிறது என்பதே இதன் பொருள்.

தீர்ப்புக்கும் பின்னூட்டத்துக்கும் உள்ள தொலைவைக் காட்ட வேற்றூர் போக வேண்டியதில்லை, கும்பகோணமே போதும். நகர உயர்நிலைப் பள்ளியில் சிறந்து விளங்கி, உதவித்தொகையோடு 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்த சீனிவாச இராமானுஜன், ஆங்கிலத்தில் தேறாமல் அந்த உதவித்தொகையை இழந்தார். பின்னர் சென்னையில் படித்தும் எஃப்.ஏ. என்ற கல்லூரித் தொடக்கநிலைத் தேர்வில் அவர் தேறவே இல்லை. தேறவில்லை என்ற அந்த முடிவு அவருக்கு எதையும் கற்றுத்தரவில்லை, வாசலை அடைத்ததோடு நின்றது. 1913 ஜனவரி 16 அன்று அவர் கேம்பிரிட்ஜின் கணிதவியலாளர் ஜி.எச். ஹார்டிக்குத் தம் முடிவுகளை எழுதி அனுப்ப, பிப்ரவரி 8 அன்று ஹார்டி எழுதிய விடையில் மதிப்பெண் இல்லை. அந்த முடிவுகளின் வகைப்பாடு இருந்தது. முன்பே அறியப்பட்டவை அல்லது அறியப்பட்டவற்றிலிருந்து எளிதில் பெறத்தக்கவை சில. புதியவை என்றாலும் முக்கியத்துவத்தைவிட விந்தையாலேயே கவர்பவை சில. புதியவையும் முக்கியமானவையுமாக இருந்து, நிறுவும் முறையின் கண்டிப்பைப் பொறுத்தே மதிப்புப் பெறுபவை சில. ஆகவே நிறுவல்களை அனுப்புங்கள் என்பதே அவர் வைத்த கோரிக்கை. எது சரி, எது ஏற்கெனவே உள்ளது, எது நிலைபெற இன்னும் என்ன வேண்டும் என்ற மூன்றும் அதில் உள்ளன. பகா எண்களின் எண்ணிக்கை குறித்து இராமானுஜன் அனுப்பிய முடிவு பிழையானது என்பதும் தொடர்ந்த கடிதப் போக்குவரத்தில் தெளிவாயிற்று; அந்தப் பிழை அவரை விலக்கிவைக்கக் காரணமாகவில்லை, மேலும் கேட்பதற்குக் காரணமாயிற்று. ஒரே மனிதரின் அறிவை இரண்டு மதிப்பீடுகள் எதிர்கொண்ட விதம் இது. டெல்டாவின் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஹார்டி கிடைக்க மாட்டார் என்பது உண்மையே; ஆனால் அந்த மூன்று கேள்விகளுக்கான விடையைக் கேட்கும் உரிமை ஒவ்வொரு பிள்ளைக்கும் உண்டு.

கணினி இதைச் செய்ய வல்லதா என்றால், வினாவை ஆக்குபவர் நினைத்தால் ஓரளவு வல்லது. நிலத்தை வேலி, மா, குழி என்று அளக்கும் வழக்கம் இன்னும் மறையாத தஞ்சைத் தரணியில் ஓர் எட்டாம் வகுப்புக் கணக்கைப் பார்க்கலாம். மூன்று மா ஓர் ஏக்கர் என்று கொண்டால், ஐந்து மா நிலம் எத்தனை ஏக்கர்? சரியான விடை ஒன்றே முக்காலுக்குச் சற்றுக் குறைவான ஒன்றும் மூன்றில் இரண்டும். ஒரு பிள்ளை 15 என்கிறது. அது வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கியிருக்கிறது. இன்னொரு பிள்ளை ஐந்தில் மூன்று என்கிறது. வகுக்க வேண்டும் என்று தெரிந்தும் எதை எதால் என்பதில் மாறிவிட்டது. மூன்றாவது பிள்ளை 1.2 என்கிறது, அது சரியாக வகுத்து, ஈவு ஒன்று, மீதி இரண்டு என்று கண்டு, மீதியைப் புள்ளிக்குப் பின்னால் அப்படியே வைத்துவிட்டது. மூன்றாவது பிள்ளைக்கு ஏறக்குறைய எல்லாம் தெரியும். அந்த மீதி இரண்டு என்பது மூன்றில் இரண்டு பங்கு என்ற ஒரு படிதான் பாக்கி. முதல் பிள்ளையோ அளவு மாற்றத்தையே அறியவில்லை. ஐந்து மா நிலம் பதினைந்து ஏக்கராக முடியுமா என்று வயல் வரப்பில் நிற்கவைத்துக் கேட்டால் தானே சிரித்துத் திருத்திக்கொள்ளும். மூவருக்கும் கணினி இடும் மதிப்பெண் சுழி. தவறான தெரிவுகளாக இந்த மூன்றையும் ஆய்ந்து வைத்த வினாத்தாளானால், எந்தப் பொத்தானை அழுத்தியது என்பதைக் கொண்டே மூன்று பிள்ளைகளுக்கும் மூன்று வேறு பாடங்களைத் திரை சொல்ல முடியும். 7, 10, 20 என்று கைக்கு வந்த எண்களை வைத்துவிட்டால் அழுத்திய பொத்தான் ஊமையாகிவிடும். நான்கு தெரிவுகளில் கண்ணை மூடி ஒன்றைத் தொட்டாலும் நான்கில் ஒரு பங்கு சரியாகும் என்பதால், ஒரே கருத்தை வெவ்வேறு உருவில் சில முறை கேட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இத்தகைய தெரிவுகளை ஆக்கும் அறிவு மென்பொருள் எழுதுபவரிடம் இருப்பதைவிட, ஒரத்தநாட்டிலோ மன்னார்குடியிலோ இருபது ஆண்டுகளாக அந்த வகுப்பின் குறிப்பேடுகளைத் திருத்திவரும் கணித ஆசிரியரிடமே மிகுதியாக இருக்கிறது. வினாவங்கி ஆக்கும் பணியில் அவரைப் போன்றவர்களின் கை பெரிதாக இருக்க வேண்டும்.

பொறி வழியாகத் தேர்வு வைக்கும் எண்ணத்தின் தொடக்கமே பின்னூட்டம்தான். 1920களில் அமெரிக்க உளவியலாளர் சிட்னி பிரெஸ்ஸி அமைத்த பொறியில், சரியான விசையை அழுத்தும் வரை அடுத்த வினா வராது என்ற ஏற்பாடு இருந்தது. நூறாண்டு கழிந்து, அதனினும் பல்லாயிரம் மடங்கு திறனுள்ள கணினியை மதிப்பெண்ணை மேலிடத்துக்கு அனுப்பும் குழாயாக மட்டும் வைத்திருப்பது வருந்தத் தக்கது. ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்தது என்ற செய்தியோடு டெல்டா உழவர் ஓய்வதில்லை, கல்லணை தாண்டிக் கடைமடைக்கு நீர் எப்போது வரும் என்றே கேட்பர். தேர்வு நடந்தது, பதிவேற்றம் முடிந்தது என்ற செய்திக்கும் அதே கேள்வி பொருந்தும்.

பின்னூட்டம் ஆசிரியருக்குப் போனால் போதாதா என்று கேட்கலாம். ஆந்திரத்தின் ஊரகப் பள்ளிகளில் பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மறுமொழி தருகிறது. ஆண்டுத் தொடக்கத்தில் பிள்ளைகளைச் சோதித்து, யார் எங்கே பின்தங்கியிருக்கிறார் என்ற விரிவான அறிக்கையை ஆசிரியர்களிடம் கொடுத்தார்கள். பார்வையிடும்போது ஆசிரியர்கள் கூடுதல் ஊக்கத்தோடு காணப்பட்டபோதிலும், ஆண்டு முடிவில் பிள்ளைகளின் அடைவில் வேறுபாடு தெரியவில்லை. அதே முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்த்ரோ கானிமியன் ஆகியோரோடு தில்லியில் ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட மைண்ட்ஸ்பார்க் என்னும் கணினிவழிக் கற்றல் முயற்சியில் முடிவு வேறாக இருந்தது. பள்ளி முடிந்தபின் வரும் பிள்ளைகள், ஒரு பாதி நேரம் கணினியிலும் மறு பாதி சிறு குழுவாக ஓர் ஆசிரிய உதவியாளரிடமும் கற்றனர். மென்பொருள் ஒவ்வொரு விடையையும் பார்த்து, அந்தப் பிள்ளை நிற்கும் படிக்கு ஏற்ற அடுத்த வினாவைக் கொடுத்தது. நாலரை மாதத்தில் கணிதத்திலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம் கிடைத்தது. முதல் முயற்சியில் செய்தி காகிதத்தில் நின்றது. இரண்டாவதில் பிள்ளையின் அடுத்த வினாவாகவே மாறியது.

தொடக்கப் பள்ளிகளுக்காக 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் இவ்வகையில் நல்ல அடித்தளம் இட்டது. வகுப்பு எதுவாயினும் பிள்ளையின் உண்மையான நிலையை அரும்பு, மொட்டு, மலர் என்று இனம்கண்டு அங்கிருந்து கற்பிப்பது என்ற அதன் கொள்கை பின்னூட்டத்தின் சாரத்தைத் தொட்டது. ஆனால் செயலியில் பதிவேற்றும் வேலை கற்பிக்கும் நேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர் சங்கங்கள் மீண்டும் மீண்டும் முறையிட்டன. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் திறன்பேசியில் வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றால் மற்றவரிடம் ஐந்து வகுப்பும் சேர்ந்துவிடும். அந்த முறையீட்டைச் சோம்பல் என்று தள்ளுவது நியாயமாகாது.

மழைக்கால விடுமுறை, மின்தடை, 2018 நவம்பர் கஜா புயலுக்குப் பின் பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பகுதிகள் பல நாள் இருளில் கிடந்தது ஆகியவற்றை நினைத்தால், கணினி இல்லாமலும் நடக்கத்தக்க தாள்வழி மாற்று ஒன்று எப்போதும் வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

அதனினும் கவலைக்குரியது எழுத்து. பல தெரிவு வினாவைக் கணினி எளிதில் திருத்தும். பிள்ளை சொந்தமாக எழுதிய தமிழ்ப் பத்தியைத் திருத்துவது அரிது. எல்லிஸ் பேஜ் 1966இலேயே கட்டுரையைக் கணினியால் மதிப்பிட முனைந்தார் என்றாலும் அந்த வழியில் வளர்ந்த கருவிகள் பெரிதும் ஆங்கிலத்துக்கானவை. சந்தியும் வேற்றுமையும் சேர்ந்து ஒரு சொல்லே பல உருவெடுக்கும் தமிழில், பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் கலந்து எழுதும் ஆறாம் வகுப்புப் பிள்ளையின் வாக்கியத்தில் எது பிழை, எது வழக்கு என்று பிரித்தறிய மனிதக் கண்ணே வேண்டும். திருத்த எளிதானது மட்டும் தேர்வில் வந்தால், தேர்வில் வருவது மட்டும் வகுப்பில் நடந்தால், பிள்ளைகள் தொடுவதற்குப் பழகி எழுதுவதை மறந்துவிடுவர். கணினி மிச்சப்படுத்தும் திருத்தும் நேரத்தை ஆசிரியர்கள் கட்டுரைக் குறிப்பேட்டுக்குச் செலவிடலாம் என்றால் மட்டுமே இந்த ஆய்வகங்களுக்குக் கொடுத்த விலை தகும்.

செய்ய வேண்டியவை அரசுக்கு அரியவை அல்ல. ஆய்வகத் தேர்வு நடந்த மறுநாள் அதே பாடவேளையைத் தவறிய விடைகளுக்கென்றே ஒதுக்கி, அதே கருத்தில் மறு வாய்ப்பும் கொடுக்க வேண்டும். வளரறித் தேர்வின் எண்களைக் கொண்டு பள்ளிகளையும் ஆசிரியர்களையும் தரவரிசைப்படுத்துவதைக் கைவிட வேண்டும். பிள்ளைக்கு எது கைவந்தது, எது பாக்கி என்பதைத் தமிழில் இரண்டு வாக்கியமாக அச்சிட்டு வீட்டுக்கு அனுப்ப வேண்டும். பெற்றோருக்கும் இதில் பங்குண்டு. பள்ளி மேலாண்மைக் குழுக்களில் பெரும்பாலோர் பெற்றோர்களே. நடவும் அறுவடையும் நெருக்கும் நாளிலும் அந்தக் கூட்டத்துக்குப் போகும் தாய்மாரும் தந்தையரும் எத்தனை மதிப்பெண் என்று கேட்பதோடு நிறுத்தாமல், எந்தக் கணக்கில் எங்கே பிசகியது, அதற்குப் பின் வகுப்பில் என்ன நடந்தது என்று ஆசிரியரிடம் மரியாதையோடு கேட்டு, அந்த விடையைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்ல வேண்டும்.