மானியம் தீர்ந்தா பிளைட்டும் தீரும்!

ஊருக்கு ஊர் விமானம் விடுவோம்னு 2016-ல் மத்திய அரசு உடான் திட்டத்தை அறிவித்தது. ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய், ஹவாய் செருப்பு போட்டவனும் பறக்கலாம்னு பேச்சு. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா காமர்ஸ் படிக்கிறவன் கண்ணு கணக்குப் பக்கம்தானே போகும் :-)

கணக்கு இதுதான். சுமார் பாதி சீட்டை விமான கம்பெனி அந்த விலைக்குத் தரணும். அதில் வரும் நஷ்டத்தை மூன்று வருடம் மானியமா ஈடுகட்டுவார்கள். பெரும்பங்கு மற்ற உள்நாட்டு விமானங்கள் மேல் போட்ட வரி. 20 சதவீதம் மாநில அரசின் பங்கு. மூன்று வருடத்தில் கூட்டம் சேர்ந்துவிடும், அப்புறம் மானியம் வேண்டாம் என்பது நம்பிக்கை.

சேர்ந்ததா? 2023-ல் வந்த சிஏஜி அறிக்கையைப் பாருங்க. முதல் மூன்று சுற்றுகளில் கொடுத்த வழித்தடங்கள் 774. அதில் 403 தொடங்கவே இல்லை. மீதி 371-ல் மூன்று வருடத்தை முழுசா ஓட்டியது 112. அதற்குப் பிறகும் 2023 மார்ச்சில் ஓடிக்கொண்டிருந்தது 54. அதாவது நூற்றுக்கு ஏழு. இந்த மார்க்கோட வீட்டுக்குப் போனா சோறு கிடைக்குமா?

நம்ம சேலத்தையே எடுத்துக்கோங்க. 2018 மார்ச்சில் ட்ரூஜெட் சென்னைக்கு விமானம் விட்டது. 2021-ல் நின்றது. கொரோனாவும் ஒரு காரணம்தான், மறுக்கலை. ஆனா அந்த ரூட் லாபம் தரும்னா அடுத்த கம்பெனி ஓடி வந்திருக்காதா? அடுத்த விமானம் வந்தது 2023 அக்டோபரில், அதுவும் மறுபடி உடானில்தான்.

திறப்பு விழாவுக்கு பத்து பைசா பிரியாணி போட்டா தெருவே அடைக்கும். அதை வச்சு வியாபாரம் அமோகம்னு சொல்ல முடியுமா? மறுநாள் முழு விலையில் எத்தனை பேர் வந்தாங்க, அதுதான் கணக்கு.

இது நம்ம நாட்டு வியாதி மட்டுமில்லை. பிரான்ஸில் மோன்பெலியே ஊருக்கு விளம்பரம் செய்யச் சொல்லி, பொதுப்பணத்தில் நடந்த ஒரு சங்கம் ரயன்ஏர் கம்பெனிக்குப் பணம் கொடுத்தது. விளம்பரம் எங்கே? ரயன்ஏரின் சொந்த இணையதளத்திலேயே! அங்கே விமானத்தை நிறுத்தாமல் இருக்கக் கொடுத்த கூலி இதுன்னு ஐரோப்பிய ஆணையம் 2019-ல் முடிவு செய்து, 85 லட்சம் யூரோவைத் திருப்பி வசூலிக்கச் சொன்னது.

எல்லாமே தோல்வியான்னா, இல்லை. பீகாரில் தர்பங்கா 2020 நவம்பரில் தொடங்கி நல்லாவே ஓடியது. காரணம் விளம்பரம் இல்லை. டெல்லி, மும்பை, பெங்களூருன்னு பிழைக்கப் போன ஜனம் அங்கே ஏற்கெனவே இருந்தது. தேவை இருக்கிற இடத்தில் மானியம் விதை. இல்லாத இடத்தில் வெறும் தீனி.

"பஸ், ரயிலுக்கும் மானியம்தானே?"ன்னு கேட்பீங்க. சரிதான். ஆனா கும்மிடிப்பூண்டி லோக்கலுக்கு யாரும் விளம்பரம் போட்டு ஆள் பிடிக்கலை. எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் காலையில் ஏறிப் பாருங்க, கால் வைக்க இடம் இருக்காது. அப்படியும் எங்க முறை கடைசியில்தான் வரும். சென்னை விமான நிலையத்துக்கு மெட்ரோ வந்தது 2016-ல். திருவொற்றியூர், விம்கோ நகருக்கு வந்தது 2021-ல். 1856-ல் திறந்த ராயபுரம் ஸ்டேஷனைப் பெரிய முனையமாக்குங்கன்னு கேட்டுக் கேட்டு வாய் வலிக்குது.

விமானமே வேண்டாம்னு சொல்லலை. ஒவ்வொரு வழித்தடத்திலும் பயணி ஒருத்தருக்கு எவ்வளவு மானியம் போச்சு, மானியம் நின்ற ஒரு வருடம் கழித்து எத்தனை பேர் பறக்கிறாங்க, இந்த ரெண்டு எண்ணையும் அந்தந்த விமான நிலைய வாசலில் எழுதி ஒட்டட்டும். ஒட்ட முடியலைன்னா, அந்தக் காசை ஏற்கெனவே கூட்டம் நிற்கிற பிளாட்பாரத்துக்குக் கொடுக்கட்டும்.