பிரிண்டர் வாங்கலாமா, கடைக்கே போகலாமா?

இரவு ஒன்பது மணிக்குத்தான் பிள்ளைகளுக்கு நினைவு வரும்: ‘அம்மா, நாளைக்கு புராஜெக்ட்டுக்குப் படம் ஒட்டணும்!’ தருமபுரி டவுனில் இருப்பவர்கள் எப்படியாவது சமாளித்துவிடுவார்கள். பென்னாகரம், அரூர் பக்கத்துக் கிராமங்களில் ஜெராக்ஸ் கடைக்குப் போக பஸ் ஏற வேண்டும். வருமானச் சான்று, சாதிச் சான்று, ஹால் டிக்கெட் என எல்லாமே ஆன்லைனில் வருவதால், ‘நாமே ஒரு பிரிண்டர் வாங்கிடலாமா?’ என்ற பேச்சு பல வீடுகளில் எழுகிறது.

கடைக்காரர் முதலில் காட்டுவது விலை குறைந்த கார்ட்ரிட்ஜ் பிரிண்டரைத்தான். ஹெச்.பி. டெஸ்க்ஜெட் 2331 மாதிரியான மாடல்கள் 5 ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும். பிரின்ட், ஸ்கேன், ஜெராக்ஸ் மூன்றும் உண்டு. செலவு அதற்குப் பிறகுதான் ஆரம்பம். இதற்கான 805 கறுப்பு கார்ட்ரிட்ஜில் சுமார் 120 பக்கம்தான் வரும். கார்ட்ரிட்ஜ் 800 ரூபாய் என்று வைத்தால்கூட ஒரு பக்கத்துக்கு ஏழு ரூபாய்க்கு நெருக்கம். கடையிலேயே எடுத்திருக்கலாம்! கலர் கார்ட்ரிட்ஜில் மூன்று நிறங்களும் ஒரே டப்பாவில் இருப்பதால், மஞ்சள் மட்டும் தீர்ந்தாலும் மொத்தத்தையும் மாற்ற வேண்டும். ஒரு நல்ல விஷயமும் உண்டு. மை தெளிக்கும் ஹெட் கார்ட்ரிட்ஜிலேயே இருப்பதால், அடைத்துக்கொண்டால் புது கார்ட்ரிட்ஜோடு புது ஹெட்டும் வந்துவிடும்.

அடுத்தது இங்க் டேங்க். பாட்டிலில் இருந்து மையை ஊற்றிக்கொள்ளும் வகை. 2010-ல் இந்தோனேசியாவில் இதை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது எப்சன். அந்த நிறுவனத்தின் எல்3250 இன்று பல வீடுகளில் இருக்கிறது. 65 மில்லி கறுப்பு பாட்டிலில் 4,500 பக்கம் என்கிறது நிறுவனம். முதல் முறை ஊற்றும் மையில் ஒரு பகுதி குழாய்களை நிரப்பவே போய்விடும் என்பதால், தொடக்கத்தில் அவ்வளவு வராது. வைஃபை இருப்பதால் செல்போனில் இருந்தே பிரின்ட் கொடுக்கலாம். ஆனால், 5 ஜி.ஹெச்.இசட். வைஃபை இதற்குத் தெரியாது, ரவுட்டரில் 2.4-ஐ ஆன் செய்ய வேண்டும். தாளின் இரு பக்கமும் தானாக அச்சடிக்காது. வேகமும் சுமார்தான்: நிமிடத்துக்கு கறுப்பில் 10 பக்கம், கலரில் 5.

பலரும் கவனிக்காத குறை ஒன்று இருக்கிறது. இதன் கறுப்பு மை ‘டை’ வகை. தண்ணீர் பட்டால் எழுத்து கசியும். மழையில் ஹால் டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் பிள்ளைக்கு இது சின்ன விஷயம் இல்லை. கேனான் ஜி வரிசை டேங்க் பிரிண்டர்கள் பலவற்றில் கறுப்பு மட்டும் ‘பிக்மென்ட்’ மை. தண்ணீரை ஓரளவு தாங்கும். படிப்பு, சான்றிதழ் வேலைதான் அதிகம் என்றால் அந்தப் பக்கம் பார்ப்பதே நல்லது.

இனி கணக்கு. டேங்க் பிரிண்டர் 13,500 ரூபாய், கடையில் ஒரு பக்கம் 5 ரூபாய், வீட்டில் மையும் தாளும் சேர்த்து 1 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 4 ரூபாய் மிச்சம். போட்ட பணத்தை எடுக்க 3,375 பக்கம் அடிக்க வேண்டும். மாதம் 200 பக்கம் எடுக்கும் டியூஷன் டீச்சருக்கு 17 மாதத்தில் அசல் வந்துவிடும். மாதம் 40 பக்கம் எடுக்கும் வீட்டுக்கு ஏழு வருஷம்! அதுவரை பிரிண்டர் உழைக்குமா என்பது வேறு கேள்வி. வாரன்டியில் வருஷத்தோடு பக்கக் கணக்கும் சேர்த்துப் போட்டிருப்பார்கள். பில் போடும்போதே படித்துவிடுங்கள்.

நம் ஊர் வெயிலையும் மறக்கக் கூடாது. இவ்வகை பிரிண்டர்கள் பொதுவாக 35 டிகிரி வரைக்கும்தான் வேலை செய்யும் என்று குறிப்பிட்டிருப்பார்கள். கோடையில் ஷீட் போட்ட அறை அதைச் சுலபமாகத் தாண்டும். முழுப் பரீட்சை லீவில் இரண்டு மாதம் தொடாமல் விட்டால் ஹெட்டில் மை காய்ந்து, பிரின்ட்டில் வெள்ளைக் கோடு விழும். ஹெட் கிளீனிங் கொடுத்தால் சரியாகலாம். ஆனால், ஒவ்வொரு தடவையும் மை வீணாகும். அந்தக் கழிவு மை உள்ளே இருக்கும் பஞ்சில் சேரும். அது நிறைந்தால் பிரிண்டர் நின்றுவிடும். வாரம் ஒரு கலர் பக்கம் அடித்துவந்தாலே இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

சுவர் சுவிட்சை அணைக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். பிரிண்டரின் பட்டனை அழுத்தினால்தான் ஹெட் தன் மூடிக்குள் போய் உட்காரும். பிரின்ட் ஓடும்போது கரன்ட் போனால், வந்ததும் ஒரு தடவை ஆன் செய்து பட்டனிலேயே அணையுங்கள்.

வாங்கும் முன் கடைக்காரரிடம், ‘சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கு?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். சேலம் என்று பதில் வந்தால், தருமபுரியில் இருந்து சுமார் 65 கிலோமீட்டர். டேங்க் பிரிண்டரைச் சாய்த்து வைத்தால் மை கசியும். பஸ்ஸில் கொண்டுபோகிறவர்கள் அதை மடியிலேயே நேராக வைத்திருக்க வேண்டும்.