‘ரீபில்ட்’ என்ற சொல்லின் விலை

அமெரிக்காவில் பழைய கார் வைத்திருப்போர் என்றேனும் ஒருநாள் கேட்க நேரும் வாக்கியம் ஒன்று உண்டு: ‘வண்டியின் மதிப்பே நாலாயிரம் டாலர், டிரான்ஸ்மிஷனைச் சரிசெய்ய மூவாயிரத்து ஐந்நூறு ஆகும், இதற்குமேல் இதில் பணம் போடுவது வீண்.’ சொல்பவர் மெக்கானிக்காக இருக்கலாம், நண்பராக இருக்கலாம், மைத்துனராகவும் இருக்கலாம். கேட்பவர் பெரும்பாலும் மறுபேச்சின்றித் தலையசைத்துவிடுகிறார். இந்தக் கணக்கு பிழையானது என்பது நம் கருத்து. அதைவிடப் பெரிய சிக்கல் கணக்கில் இல்லை, கணக்கு எழுதப்படும் சொற்களில் இருக்கிறது என்பதும் நம் கருத்து. இலக்கியம் பேசும் பக்கத்தில் கியர் பெட்டிக்கு என்ன வேலை என்று முகம் சுளிக்கும் வாசகர் சற்றுப் பொறுத்தருள வேண்டும். ஒரு சொல் எதைக் குறிக்கிறது என்று கேட்பது நம் வேலைதானே.

நியூயார்க், சிகாகோ போன்ற சில பெருநகரங்களை விட்டு வெளியே வந்தால், அந்நாட்டில் கார் இல்லாதவர் வேலைக்குப் போவது அரிது. மணிக்கூலிக்கு உழைப்பவருக்குக் கார் நின்றால் கூலியும் நிற்கும். ஆகவே இந்த முடிவு எப்போதும் அவசரத்தில், வண்டி பட்டறையின் தூக்கியில் தொங்கிக்கொண்டிருக்கும்போது எடுக்கப்படுகிறது. பொறியின் உட்புறம் அறிந்தவர் ஒரு பக்கம், அறியாதவர் மறுபக்கம். பேரம் சமமானவர்களுக்கிடையே நடப்பதில்லை.

பொறியை முதலில் பார்ப்போம். பெருமளவில் தயாரிக்கப்பட்ட முதல் முழுத் தானியங்கி டிரான்ஸ்மிஷன், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1940-ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் அளித்த ஹைட்ராமேட்டிக். அதன் பிறகு எத்தனையோ மாற்றங்கள் வந்துவிட்டன. இன்று வழக்கமான தானியங்கிப் பெட்டியில் எஞ்சினின் விசை, டார்க் கன்வர்ட்டருக்குள் சுழலும் எண்ணெய் வழியே கடத்தப்படுகிறது. உள்ளே கோள் பற்சக்கரத் தொகுதிகள். எந்தச் சக்கரம் சுழல வேண்டும், எது நிற்க வேண்டும் என்பதை உராய்வுத் தகடுகள் அடுக்கிய கிளட்சுகள் தீர்மானிக்கின்றன. அந்தக் கிளட்சுகளுக்கு எண்ணெய் அழுத்தத்தைப் பங்கிட்டுத் தருவது வால்வ் பாடி. அதன் சோலனாய்டுகளுக்கு ஆணையிடுவது கணினி.

இங்கேதான் செலவின் முதல் முடிச்சு விழுகிறது. கிளட்சுத் தகடுகள் கருகிப்போனாலும் வண்டி கியர் மாறும்போது உதறும். சோலனாய்டு ஒன்று ஒட்டிக்கொண்டாலும் உதறும். எண்ணெய் குறைந்தாலும் உதறலாம். ஓட்டுபவருக்கு மூன்றும் ஒரே உதறல். முதலாவதற்குப் பெட்டியையே இறக்கிப் பிரிக்க வேண்டும். மற்ற இரண்டும் அதில் சிறுபகுதிச் செலவில் தீரக்கூடியவை. நோயறியாமல் சொல்லப்படும் எந்த விலையும் விலையாகாது.

இரண்டாவது முடிச்சு சொற்களில் இருக்கிறது. ‘யூஸ்டு’, ‘ரீபில்ட்’, ‘ரீமேனுஃபாக்சர்ட்’ என்று மூன்று சொற்கள் விலைச்சீட்டில் வரும். முதலாவது, விபத்துக்குள்ளான வேறொரு காரிலிருந்து கழற்றிய பெட்டி. விலை குறைவு, பூர்வோத்தரம் தெரியாது. இரண்டாவது, நம் வண்டியின் பெட்டியையே அந்தப் பட்டறையில் பிரித்து, தேய்ந்ததை மாற்றிக் கோர்ப்பது. கோர்ப்பவரின் கைத்திறனே அதன் தரம். மூன்றாவது, தொழிற்சாலையில் வரிசைமுறையில் புதுப்பித்துச் சோதித்து அனுப்பப்படுவது. விலை கூடுதல், பழைய பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால் முன்பணம் மீளும். நடைமுறையிலோ இச்சொற்களின் எல்லைகள் கரைந்துகொண்டே இருக்கின்றன. கழுவி, சீல் மாற்றி, வண்ணம் பூசியதும் ‘ரீபில்ட்’ என்று விற்கப்படக் கூடும்.

கலிஃபோர்னியா மாநிலம் இந்தச் சொல்லுக்குச் சட்டத்தால் வேலி கட்டியிருக்கிறது. 1971-ஆம் ஆண்டு வாகனப் பழுதுபார்ப்புச் சட்டத்தின் வழிவந்த அதன் விதிகள், பெட்டியைக் கழற்றுமுன் வெளிப்புற உதிரி ஒன்றை மாற்றியோ சரிசெய்தோ குறையைத் தீர்க்க முடியுமா என்று சோதிக்கச் சொல்கின்றன. முடியுமென்றால் அதை வாடிக்கையாளருக்குத் தெரிவித்தாக வேண்டும். உட்பகுதிகள் முழுதும் சுத்தம்செய்து சோதிக்கப்பட்டு, வால்வ் பாடி பிரிக்கப்பட்டு, உராய்வுத் தகடுகளும் சீல்களும் கேஸ்கெட்டுகளும் புதிதாக மாற்றப்பட்டாலொழிய ‘ரீபில்ட்’ என்ற பெயரில் விற்கக் கூடாது. அகராதி செய்ய வேண்டிய வேலையை ஓர் அரசு விதி செய்திருக்கிறது. இதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். விலையைக் கட்டுப்படுத்தாமல் சொல்லைக் கட்டுப்படுத்தியது நுட்பமான செயல். சொல் உறுதியானால்தான் இரண்டு பட்டறைகளின் விலைகளை அருகருகே வைத்து ஒப்பிட முடியும்.

இனி, தொடக்கத்தில் சொன்ன கணக்கு. வண்டியின் சந்தை மதிப்போடு பழுதுச் செலவை ஒப்பிடுவது விற்கப் போகிறவரின் கணக்கு. ஓட்டப் போகிறவர் கேட்க வேண்டியது வேறு: இதே 3,500 டாலருக்கு வேறு எது கிடைக்கும்? அந்த விலைக்குக் கிடைக்கும் இன்னொரு பழைய கார், இன்னொருவர் கைவிட்ட கார். அதன் டிரான்ஸ்மிஷன் எந்த நிலையில் இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. புதிய கார் என்றால் மாதத் தவணை. மாதம் 500 டாலர் தவணை என்று வைத்துக்கொண்டால், பழுதுச் செலவு ஏழு மாதத் தவணைக்குச் சமம். தவணையோ ஐந்தாண்டுகள் ஓடும், காப்பீட்டுக் கட்டணமும் பெரும்பாலும் கூடும். சரிசெய்த வண்டி இரண்டே ஆண்டுகள் ஓடினாலும் மாதத்துக்கு 146 டாலர்தான் ஆகிறது. எஞ்சின் நலமாகவும், அடிச்சட்டம் துருவேறாமலும் இருக்கும் காருக்கு ‘தேறாது’ என்று தீர்ப்பெழுதுவது அவசரம்.

எல்லாப் பெட்டியையும் புதுப்பித்தே தீர வேண்டும் என்று நாம் வாதிடவில்லை. வடிவமைப்பிலேயே குறையுள்ள பெட்டியை அதே குறையோடு மீண்டும் கோர்ப்பது, குறைக்கு இரண்டாம் முறை பணம் கட்டுவதாகும். ஹோண்டா 2004-இல் டிரான்ஸ்மிஷன் கோளாறுக்காகப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்களைத் திரும்ப அழைத்தது. நிஸான் 2003 முதல் 2010 வரையிலான மாடல்களின் சிவிடி பெட்டிகளுக்கு உத்தரவாதத்தைப் பத்தாண்டு அல்லது 1,20,000 மைல் என நீட்டித்தது. இத்தகைய வரலாறு உள்ள மாடல் என்றால், திருத்தப்பட்ட பாகங்களோடு தொழிற்சாலையில் புதுப்பித்ததை வாங்குவதோ, வண்டியையே கைவிடுவதோ அறிவு. சிவிடி வகையைப் பிரித்துச் சீராக்கப் பல பட்டறைகள் முன்வருவதுமில்லை.

ஆகவே நாம் சொல்வது இவ்வளவே. நோய் எதுவென்று எழுத்தில் கேளுங்கள். ‘ரீபில்ட்’ என்றால் எவை புதிதாக மாறும், டார்க் கன்வர்ட்டர் அதில் சேருமா, குளிர்விப்பானின் எண்ணெய்க் குழாய்கள் கழுவப்படுமா என்று கேளுங்கள். பழைய பெட்டியின் துகள்கள் அங்கே தங்கியிருந்தால் புதுப்பெட்டியும் நாசமாகும். உத்தரவாதம் பொருளுக்கு மட்டுமா, கூலிக்கும் சேர்த்தா என்று கேளுங்கள். பெட்டியை இறக்கி ஏற்றும் கூலியே பெருந்தொகை; அதை இரண்டாம் முறை செலுத்த நேர்ந்தால் மலிவாக வாங்கிய ‘யூஸ்டு’ பெட்டி மலிவாக இராது.

கேள்வி கேட்பவரை நல்ல மெக்கானிக் வெறுப்பதில்லை. தன் வேலையின் அருமை தெரிந்தவர் பிரித்த தகடுகளை மேசையில் பரப்பி, எங்கே கருகியது என்று காட்டுவதில் மகிழ்ச்சியே கொள்வார். காட்ட மறுப்பவரிடம் விலை எவ்வளவு குறைவாயினும் வண்டியை விட வேண்டியதில்லை.