ஒரே எண், இரண்டு வேலை

செகந்திராபாத் மெட்டுகுடாவில் இருப்பவர்களுக்கு பி.ஓ.எச். (ரயில் பெட்டியின் காலமுறைப் பராமரிப்பு) என்றால் விளக்கம் தேவையில்லை. பக்கத்திலுள்ள லாலாகுடா ஒர்க்‌ஷாப்பில் ரயில் பெட்டிக்கு அரித்த தகட்டை வெட்டிவிட்டுப் புதுத் தகடு வைப்பார்கள். இருக்கை மாறும், பெயின்ட் மாறும். திரும்பிப் போகும்போது பெட்டி தன் பழைய எண்ணோடுதான் போகும்.

அமெரிக்காவில் 1960-களின் திறந்த கார்களைப் புதுப்பிக்கும் வீடியோக்களைப் பார்ப்பவர்கள் அதுவும் இதே வேலைதான் என்று நினைக்கிறார்கள். பாதிதான் சரி. பழைய உறுப்புகளைச் செப்பனிட்டு, காரை இருந்தபடியே நிறுத்துவது ஒன்று. தோற்றத்தை மட்டும் வைத்துக்கொண்டு இன்றைய எஞ்சின், டிஸ்க் பிரேக், கியர்பாக்ஸ் எல்லாம் ஏற்றுவது வேறு. இந்த இரண்டாவதற்குத்தான் அங்கே 'ரெஸ்டோமாட்' என்று பெயர்.

திறந்த கார் என்றால் சிக்கல் கூடுதல். பெரம்பூரில் 1955-இல் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். (இன்டெக்ரல் கோச் ஃபேக்டரி) தன் பெயரிலேயே காரணத்தைச் சொல்கிறது: தரை, சுவர், கூரை எல்லாம் இணைந்த ஒரே கூடுதான் பெட்டியின் பாரத்தைத் தாங்குகிறது. 1964-இல் வந்த ஃபோர்டு மஸ்டாங்கும் அப்படித்தான். அதற்குத் தனிச் சட்டகம் கிடையாது. கூரையை எடுத்தால் கூடு தளரும். அதனால்தான் திறந்த மஸ்டாங்கின் தரையிலும் கதவுக்கடியிலும் ஃபோர்டே கூடுதல் இரும்பு வைத்தது. அறுபது வருடத் துரு தின்றிருப்பதும் பெரும்பாலும் அந்த இடத்தைத்தான். அங்கே பலப்படுத்தாமல் இரு மடங்கு சக்தியுள்ள எஞ்சினை ஏற்றினால், வண்டி முறுக்கிக்கொள்ளும். கதவு சரியாக மூடாது. விவரம் தெரிந்த மெக்கானிக் முதலில் வெல்டிங்கைத்தான் பார்ப்பார், எஞ்சின் அப்புறம். கூடு தேறாது என்றால் புதுக் கூடே வாங்கலாம்: 1965 மஸ்டாங் கன்வெர்ட்டிபிளின் உடலைப் புதிதாகச் செய்து விற்க 2011-இல் ஃபோர்டு உரிமம் கொடுத்தது. அப்புறம் பழைய காரில் மிஞ்சுவது எண் மட்டும்தான் என்றாலும் மிகையில்லை.

ரெஸ்டோமாட் வேலையை நம் ஊரில் செய்யலாமா? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. பெயின்ட் மாற்றுவது போன்ற சிறு வேலைகளுக்குத் தடையில்லை. எஞ்சின் போய்விட்டால் அதே நிறுவனத்தின் அதே வகை எஞ்சினை அனுமதியோடு வைக்கலாம். வேறு வகை என்றால் பொதுவாக வழியில்லை.

50 வருடம் கடந்த வண்டிகளுக்கு 2021-இல் தனி விதி வந்தது. புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு எண் தருகிறார்கள். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். சலுகை என்று மகிழ்பவர்கள் நிபந்தனையையும் படிக்க வேண்டும்: சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் மூன்றும் அசலாக இருக்க வேண்டும். ஆக, செப்பனிட்ட காருக்கு இடம் உண்டு; ரெஸ்டோமாட்டுக்கு இங்கேயும் இல்லை. அசல் எஞ்சினைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு வேறு வகையை ஏற்றியவர், சாதாரணப் பதிவு, வி.ஏ. பதிவு என்ற இரண்டு வாசலையும் தானே அடைத்துக்கொள்கிறார்.

வி.ஏ. எண் கிடைத்தாலும் அன்றாட ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டும்தான். கூரையை மடித்துவிட்டுத் தார்நாகாவுக்குக் காய்கறி வாங்கப் போக முடியாது.