உறைக்காத கை

வல்லார்பாடத்தில் வசிக்கும் நண்பர் ஒருவர் இல்லத்தில் ஒரு ஞாயிறன்று உணவருந்த அமர்ந்திருந்தோம். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய ரசப் பாத்திரத்தின்மேல் நண்பரின் இடக்கைச் சுண்டுவிரல் ஓரம் பதிந்திருந்தது. பேச்சு மும்முரத்தில் அவர் கையை எடுக்கவேயில்லை. நாம் பதறி, "அண்ணா, கை!" என்றோம். அவரோ சிரித்தார். "இரும்பு பிடித்துக் காய்த்த கை, தம்பி. சூடு உறைக்காது." "இவருக்கு ஒரு வருஷமாகவே அப்படித்தான்" என்று அண்ணியாரும் பெருமையாகவே சொன்னார்கள். சற்று நேரத்தில் விரலில் கொப்புளம் எழும்பிற்று. முழங்கையருகே வெளிறிய தேமல் ஒன்றும் நம் கண்ணில் பட்டது.

சூடு உறைப்பது என்றால் என்ன? நரம்பு என்பது எண்ணற்ற நுண்ணிழைகளின் கட்டு. ஒவ்வோர் இழையும் ஒரு நரம்பணுவிலிருந்து நீண்டு வருவது. கால் பெருவிரலிலிருந்து இடுப்பருகே தண்டுவடம் வரை ஒரே அணுவின் இழை ஏறக்குறைய 1 மீட்டர் தூரம் ஓடுகிறது! இதற்குத் தந்திக் கம்பியை உவமை சொல்வார்கள். ரயில்வேயில் ஊழியம் செய்யும் நமக்கு அது இனிக்கத்தான் செய்யும். ஆயினும் அது பாதி வழிதான் வரும். வாணத்தின் திரியில் நெருப்பு ஓடுவதே இன்னும் பொருத்தம். அமைதியாக இருக்கும் இழையின் உட்புறம், வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் தாழ்ந்த மின்னழுத்தத்தில் இருக்கும். சூடு பட்டதும் இழையின் சவ்விலுள்ள நுண்கதவுகள் திறக்க, சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. அதனால் அடுத்த கதவுகள் திறக்கின்றன. பின்னாலேயே பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலை திரும்புகிறது. எரிந்த திரி மறுகணமே புதுத் திரியாகிவிடுகிறது. இழையின் முனையில் சிறு இடைவெளி உண்டு. அங்கே ஒருவகை இரசாயனப் பொருள் சுரந்து அடுத்த அணுவுக்குச் செய்தியைக் கொடுக்கிறது.

கொழுப்புறை போர்த்த பருத்த இழைகளில் செய்தி நொடிக்கு 100 மீட்டருக்கும் மேலாகத் தாவிச் செல்லும். உறையற்ற மெல்லிழைகளில் 1 மீட்டர் அளவே. வாசற்படியில் கால் இடித்தால் முதலில் சுரீரென்று ஒரு வலி, சற்றுப் பொறுத்து விண்விண்ணென்று மற்றொரு வலி என இரண்டு வருவது இதனால்தான். சுட்ட கையை இழுத்துக்கொள்ளும் உத்தரவையோ, மூளை அறியுமுன் தண்டுவடமே பிறப்பித்துவிடுகிறது.

நண்பருக்கு அந்த உத்தரவு பிறக்கவில்லை. செய்தியே போய்ச் சேரவில்லை.

தொழுநோய்க் கிருமி நரம்பிழைகளுக்கு உறையாக அமைந்த அணுக்களிற் குடிபுகுவது. குளிர்ந்த இடங்களை நாடுவதால் தோலுக்கு அருகிலுள்ள நரம்புகளே அதற்கு முதலில் இரையாகின்றன. முழங்கையின் பின்புறமாகச் சுண்டுவிரலுக்குச் செல்லும் நரம்பு அவற்றுள் ஒன்று. நோய் சதையைத் தின்கிறது என்றே முன்னாளில் நம்பினர். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த ஆங்கிலேய டாக்டர் பால் பிராண்ட், வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றுகையில் உண்மையைக் கண்டார். வலி தெரியாமையால் தீப்புண்ணும் வெட்டுப்புண்ணும் கவனிப்பாரின்றிப் புரையோடியே விரல்கள் அழிந்தன. இரவில் எலி கடித்ததைக்கூட நோயாளிகள் உணரவில்லை. அதற்காகப் பூனைகள் வளர்க்க ஏற்பாடு செய்தாராம்!

2005-இன் இறுதியில் இந்நோய் நாட்டில் பெருமளவு கட்டுப்பட்டதாக அறிவிக்கப்பட்டதால் அது ஒழிந்தே போயிற்று எனப் பலர் எண்ணுகின்றனர். அதன் பின்னரும் ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் புதிதாகக் கண்டறியப்படுகின்றனர். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் நோயன்று இது. பெரும்பாலோர்க்கு இயல்பாகவே எதிர்ப்புச் சக்தி உண்டு. அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். 6 மாதம் அல்லது 12 மாதம் உட்கொள்ள வேண்டும். ஆனால் நெடுநாள் பழுதுபட்ட நரம்பில் உணர்ச்சி முழுவதும் திரும்புவது அரிது. ஆகவே உணர்ச்சியற்ற தேமலைக் கண்டால் நாள் கடத்தலாகாது. அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்களோ என்று மறைப்பதைப்போல் மடமை வேறில்லை.

நண்பரும் முதலில் மறுக்கத்தான் செய்தார். அண்ணியார்தான் அழைத்துச் சென்றார்கள். மருந்து முடிந்துவிட்டது; தேமலும் மங்கிவிட்டது. சுண்டுவிரலில் மட்டும் உணர்ச்சி வரவில்லை. சூடான பாத்திரங்களை அண்ணியார் இப்போது அவருக்கு வலப்புறமாகவே வைக்கிறார்கள்.