உருகுநிலை ஒன்றே போதாது

கழிவுப் பாலியஸ்டர் துணியை நிறம் பிரிக்காமல் மொத்தமாக உருக்கலாம் என்பவர்களின் வாதம் இது: சாயம் ஏறினாலும் ஏறாவிட்டாலும் பாலியஸ்டர் 255 டிகிரி பக்கத்தில்தான் உருகும். உண்மைதான். ஆனால் இழை தரமாக வருமா என்பதை உருகுநிலை மட்டும் சொல்லாது.

130 டிகிரி அழுத்தச் சூட்டில் இழைக்குள் புகும் டிஸ்பர்ஸ் சாயத்தை, மறுபடி இழையாக்க 280 டிகிரியைத் தாண்டிய சூட்டில் தள்ளுகிறோம். ஒரு பகுதி ஆவியாகிறது, ஒரு பகுதி சிதைகிறது. ஈரம் சரியாகப் போகாவிட்டால் பாலிமர் சங்கிலியும் அறுபடும். குழம்பு நீர்த்து, நூற்கும்போது இழை அறும்.

குளிரும்போதும் சிக்கல்தான். தாலோசயனைன் நீலம் போன்ற நிறமிகள் படிகம் வளர வித்தாகின்றன. குழம்பு முன்னதாகவே இறுகத் தொடங்குகிறது. லாட்டுக்கு லாட் நிறம் மாறினால் குழம்பு இறுகத் தொடங்கும் வெப்பநிலையும் மாறும். எதை வைத்து மெஷினை செட் செய்வது?

மொத்தமாக உருக்கலாம் என்பவர்கள், 2023 பிப்ரவரி 8 அன்று பிரதமர் நாடாளுமன்றத்துக்கு அணிந்து வந்த நீல ஜாக்கெட்டைச் சான்றாகக் காட்டுகிறார்கள். அது பெட் பாட்டிலை மறுசுழற்சி செய்த இழையில் பிறந்தது. சாயத்துணிக் குவியலுக்கு அது எப்படிச் சான்றாகும்? முதலில் நிறம் பிரியுங்கள், பிறகு உருக்குங்கள்.