ஏட்டுச் சுரைக்காயும் எல்லா வழி வியாபாரமும்

கடை, இணையத்தளம், கைத்தொலைபேசி ஆகிய அனைத்திலும் ஒரே இருப்பைக் காட்டி விற்பனை செய்வதற்கு 'ஒம்னிசனல்' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். வாடிக்கையாளர் எந்த வாசலால் வந்தாலும் பொருள் கிடைக்கவேண்டும் என்பது நல்ல நோக்கமே. ஆனால், விலையுயர்ந்த மென்பொருள் ஒன்றைப் பொருத்திவிட்டால் அது தானாகவே கைகூடிவிடும் என்ற முகாமைத்துவ ஆலோசகர்களின் பிரசாரம் வெறும் மாயை. அந்த மாயைக்கான விலையை அவர்கள் செலுத்துவதில்லை. களஞ்சியத்தில் பெட்டி சுமப்பவர்களும் காசாளர்களுமே செலுத்துகிறார்கள்.

கனடாவில் டார்கெட் நிறுவனத்துக்கு நேர்ந்த கதியை விடச் சிறந்த சான்று தேவையில்லை. 2011 இல் ஸெல்லர்ஸ் கடைகளின் குத்தகை உரிமைகளைச் சுமார் 1.8 பில்லியன் கனேடிய டொலருக்கு வாங்கிய இந்த அமெரிக்க நிறுவனம், 2013 இல் ஒரே வருடத்தில் 124 கடைகளைத் திறந்தது. கடைத்தட்டுகள் வெறுமையாகக் கிடந்தன. களஞ்சியங்களோ நிரம்பி வழிந்தன. பொருளுக்குப் பஞ்சமில்லை. உண்மைக்குத்தான் பஞ்சம்.

சுமார் 75,000 வகைப் பொருட்களின் விபரங்களை அவசர அவசரமாகக் கணினியில் பதியும்படி அனுபவம் குறைந்த இளம் ஊழியர்கள் பணிக்கப்பட்டனர். சென்ரிமீற்றர் இருக்கவேண்டிய இடத்தில் அங்குலம். நீளத்தின் இடத்தில் அகலம். ஒரு பெட்டியின் அளவு பிழைத்தால், லொறியில் எத்தனை ஏறும், தட்டில் எத்தனை அடங்கும் என்ற கணக்கு முழுவதும் பிழைத்துவிடும். அமெரிக்காவில் இத்தகைய பதிவுகளில் 98 சதவீதத்துக்கு மேல் சரியாக இருக்க, கனடாவில் சுமார் 30 சதவீதமே சரியாக இருந்ததாக உள்ளே பணியாற்றியவர்கள் பின்னர் ஊடகங்களுக்குக் கூறினர். பொருள் தீர்ந்துவிட்டது என்ற அவப்பெயரைத் தவிர்ப்பதற்காகச் சிலர் தன்னியக்க மீள்நிரப்பலையே நிறுத்திவைத்தனராம். அறிக்கையில் சுபம், தட்டில் சூனியம்.

இத்தனைக்கும் டார்கெட் கனடாவில் இணையவழி விற்பனையை ஆரம்பிக்கவேயில்லை. ஒரு வழியிலேயே இந்தக் கதி என்றால், பல வழிகளில் என்னவாகும்? மூன்று இருப்பதாகக் கணினி கூறும்; ஒன்று திருட்டுப் போயிருக்கும், ஒன்று உடைந்திருக்கும், மற்றையது வேறு தட்டில் மாறிக் கிடக்கும். கடைக்கு வந்தவர் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். இணையத்தில் பணம் செலுத்தியவரோ ஏமாற்றப்படுகிறார். வழிகள் பெருகப் பெருகப் பொய்யும் பெருகுகிறது.

2015 ஜனவரியில் டார்கெட் தனது 133 கனேடியக் கடைகளையும் மூடும் முடிவை அறிவித்தது. 17,600 பேர் வேலையிழந்தனர். அவர்கள் அனைவருக்குமாக ஒதுக்கப்பட்ட நிதியம் 70 மில்லியன் கனேடிய டொலர். 2014 மே மாதம் பதவி விலகிய தலைமை நிறைவேற்று அதிகாரி கிரெக் ஸ்டைன்ஹாஃபெலுக்குச் சேர்ந்ததோ, பங்குரிமை, ஓய்வூதியம் உட்படச் சுமார் 61 மில்லியன் அமெரிக்க டொலர் என்று அன்றைய பத்திரிகைகள் கணக்கிட்டன. அந்நேர நாணயமாற்று வீதப்படி, 17,600 பேரின் பங்கு ஒரு மனிதரின் பங்கைவிடக் குறைவு. இதைவிட அநீதி வேறென்ன?

தவறு அவசரத்தினுடையது, மென்பொருளினுடையது அல்ல என்று சிலர் வாதிடக்கூடும். அதைத்தான் நானும் கூறுகிறேன். அப்படியாயின், மென்பொருளுக்குக் கோடிகளைக் கொட்டுபவர்கள், பொருளை எண்ணிப் பார்ப்பவருக்கு ஒரு மணிநேரம் கொடுக்க ஏன் தயங்குகிறார்கள்? வந்திறங்கும் சரக்கைச் சரிபார்ப்பவருக்கு, பிழையானதைத் திருப்பியனுப்பும் அதிகாரம் வேண்டும். நாள்தோறும் சில தட்டுகளையாவது எண்ணுவது சம்பளத்துக்குரிய வேலையாக இருக்கவேண்டும். குறையை உள்ளபடி அறிவிப்பவர் தண்டிக்கப்படலாகாது. ரொறன்ரோவைச் சுற்றியுள்ள களஞ்சியங்களில் உழைக்கும் நம்மவர்களுக்கு நான் கூறுவது நன்கு விளங்கும்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் முன்னோர். அளப்பவரை மதியாத வியாபாரம் எத்தனை வாசல்களைத் திறந்துவைத்தாலும், இறுதியில் எஞ்சுவது வெறும் வாசல்கள் மட்டுமே.